மஸ்கட்டுக்குப் போகாத ஆண்ட்ரூ

யூனிஸின் கணவர் ஆண்ட்ரூ மஸ்கட்டில் வேலை பார்க்கிறார் என்பது கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்ச் சபையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உண்மையில் அவர் பெங்களூர் ஜெயிலில் இருந்தார். பஸ் பிடித்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

யூனிஸ் திட்டம் போட்டுப் பொய் சொன்னவள் இல்லை. வழக்கு நடந்த வருஷங்களில் இருவரும் வெளியே மூச்சு விடவில்லை. தீர்ப்பு வந்த வாரம், ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபைச் செயலாளர் கிளெமென்ட், "எங்கம்மா ஆண்ட்ரூவைக் காணோம்?" என்று கேட்டார். "மஸ்கட் போயிருக்காரு அங்கிள்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த ஞாயிறே போதகர், கடல் கடந்து உழைக்கும் சகோதரன் ஆண்ட்ரூவைப் பாதுகாக்கும்படி ஆண்டவரிடம் மன்றாடினார். சபையே ஆமென் என்றது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போய் இல்லை என்று சொல்வது?

பொய்க்கு வேலை கூடிக்கொண்டே போனது. கிளெமென்ட் தன் பையனுக்கு அங்கே ஏதாவது வழி பார்க்கச் சொல்லி பாஸ்போர்ட் நகலைக் கொடுத்தார். பக்கத்துத் தெரு ஆஞ்சலா, யாராவது போனால் கொடுத்தனுப்பு என்று ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய் கொடுத்தாள். அதை யூனிஸ்தான் தினமும் தயிர்சாதத்தோடு தின்று தீர்த்தாள். "போய்ச் சேந்துச்சா?" என்று ஆஞ்சலா கேட்டபோது, "ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாரு" என்றாள். அன்றைக்கு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆண்ட்ரூ பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. பூட்டு உடையவில்லை, சாவி ஒன்றுதான், அது ஆண்ட்ரூவிடம்தான் இருந்தது என்று நிர்வாகம் சொன்னது. கோர்ட்டும் அதையே நம்பி ஐந்து வருஷம் போட்டது. இன்னொரு சாவி மேனேஜரிடம் உண்டு என்று ஆண்ட்ரூ சொன்னதற்கு சாட்சி இல்லை. அப்பீல் போடுகிறேன் என்ற வக்கீல் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதற்கு விளக்கம் வேண்டுமானால் அந்த வக்கீலின் போனுக்கு அடித்துப் பார்க்கலாம்.

ஆண்ட்ரூவோடு வேலை பார்த்த நாகேஷ்தான் ஆன்லைன் பெட்டிஷன் யோசனையைக் கொண்டுவந்தான். கன்னடக்காரன், ஆண்ட்ரூவை அண்ணா என்று கூப்பிட்டவன். வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும், ஸ்டோரின் இரண்டாவது சாவியைப் பற்றித் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று கன்னடத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் போட்டான். யூனிஸ் சொன்னபடி ஆண்ட்ரூவின் போட்டோவைப் போடவில்லை, முழுப் பேரையும் போடவில்லை. ஒரு மாதம் அது அப்படியே கிடந்தது. நாகேஷின் சொந்தக்காரர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அக்கா, மூஞ்சி இல்லாத பெட்டிஷனுக்கு யாருக்கா சைன் பண்ணுவாங்க? நம்ம ஜனங்க சும்னே பாத்துட்டு தள்ளிவிட்டுப் போயிடுவாங்க. உங்க சர்ச் க்ரூப்ல போடுங்க. அங்க எவ்ளோ பேரு இருக்காங்க!"

ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனபோது ஆண்ட்ரூவிடம் கேட்டாள். 

"ஊறுகா குடுத்தாங்களே, அவங்க மூஞ்சில எப்படி முழிப்ப?" என்றார் அவர்.

"முழிச்சுக்கிறேன். நீங்க வெளிய வரணும்."

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அவள் அதைச் செய்தாள். கல்யாண நாளன்று எடுத்த போட்டோ, முழுப் பேர், கீழே தன் கையாலேயே தட்டிய இரண்டு வரி: 'என் கணவர் மஸ்கட்டில் இல்லை. செய்யாத குற்றத்துக்கு ஜெயிலில் இருக்கிறார். தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.' சபைக் குழுவில் அனுப்பிவிட்டு, கையில் போனோடு ரெண்டு பஸ்ஸை விட்டாள்.

யாரும் பதில் போடவில்லை. காலை வணக்கத்துக்கும் வசனத்துக்கும் ஓயாமல் கைகூப்புகிற குழு அது, அன்றைக்கு முழுதும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெட்டிஷனில் கையெழுத்து ஏறியது. கிளெமென்ட், ஆஞ்சலா, குளோரியா என்று தெரிந்த பெயர்களாக வந்தன. திட்டியிருந்தால்கூட யூனிஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு போதகர் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஜெபித்தார், நோயாளிகளுக்காக ஜெபித்தார். ஆண்ட்ரூவின் பெயர் வரவேயில்லை. மஸ்கட்டில் இருந்தவரைக்கும் அவருக்காக மன்றாடியவர்கள், ஜெயிலில் இருக்கிறார் என்றதும் விட்டுவிட்டார்கள்.

வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட் ஒன்றில் யூனிஸ் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த வேலையும் போயிற்று. பெட்டிஷன் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மேடம் மரியாதையாகத்தான் பேசினாள். தானும் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொன்னாள்.

அந்தப் பெட்டிஷன் கைக்குக் கை மாறிச் சந்தாபுராவில் காந்தா என்ற பெண்ணின் போனுக்குப் போனது. ஆண்ட்ரூவின் முகத்தை அவள் தன் அப்பா கோவிந்தப்பாவிடம் காட்டினாள். அவர் அந்தத் தொழிற்சாலையில் வாட்ச்மேனாக இருந்து, வேலையை விட்டு அனுப்பப்பட்டவர். மேனேஜர் தன் சாவியால் ஸ்டோரைத் திறந்ததைப் பலமுறை கண்ணால் பார்த்தவர். இப்படி ஒரு வழக்கு நடந்ததே அவருக்குத் தெரியாது, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. பெட்டிஷனுக்குக் கீழே அப்பா சொன்னதைக் காந்தா எழுதினாள். அதைப் படித்துவிட்டுத்தான் அனன்யா என்ற வக்கீல், ஃபீஸ் வேண்டாம் என்று அப்பீலை எடுத்துக்கொண்டார்.

"கோர்ட்ல கையெழுத்தை எண்ண மாட்டாங்கம்மா" என்று அனன்யா முதல் நாளே சொன்னார். "ஆனா இந்தப் பெட்டிஷன் இல்லைன்னா அந்த வாட்ச்மேன் நமக்குக் கிடைச்சிருக்க மாட்டாரு."

ஹைகோர்ட்டில் கோவிந்தப்பாவின் சாட்சியம் நின்றது. ஆண்ட்ரூ நிரபராதி என்று தீர்ப்பானது. நாகேஷ் பெட்டிஷனில் 'வெற்றி' என்று போட்டு யூனிஸுக்கு அனுப்பினான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள். ஆண்ட்ரூ அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே கழித்துவிட்டு, பாதி தலை நரைத்துப்போய் வந்தார்.

வேலை தேடிப் போனார். பேரைக் கேட்டதும் போனில் தேடிப் பார்த்தார்கள். பெட்டிஷன்தான் முதலில் வந்தது. கல்யாண போட்டோ, அதன் கீழே திருட்டு, ஜெயில் என்ற வார்த்தைகள். 'வெற்றி' வரைக்கும் கீழே படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அவர் வந்தபின் முதல் ஞாயிறு, யூனிஸ் ஸ்தோத்திர காணிக்கை கொடுத்தாள். என்ன காரணத்துக்காக என்று கவரின் மேல் எழுதித் தருவதும், செயலாளர் அதைச் சபைக்கு வாசிப்பதும் அங்கே வழக்கம். 'என் கணவர் நிரபராதி என்று விடுதலையானதற்காக' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியைச் சபை காதால் கேட்க வேண்டும், அவளுக்கு அது போதும்.

கிளெமென்ட் கவரைப் பார்த்தார். பிறகு அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையில் நிஜமாகவே அன்பு இருந்தது.

"சகோதரி யூனிஸ் ஆண்ட்ரூ. கணவர் வெளிநாட்டிலிருந்து சுகமாகத் திரும்பி வந்ததற்காக."

ஆமென் என்றது சபை. ஆஞ்சலாவின் குரல்தான் எல்லாவற்றையும் விட உரக்கக் கேட்டது.

யூனிஸ் எழுந்துவிட்டாள். வாயைத் திறப்பதற்குள் ஆண்ட்ரூ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு யூனிஸ்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இருக்கட்டும் விடு. மஸ்கட்ல இருந்து வந்தவனுக்கு யாராவது வேலை குடுப்பாங்க."

அவள் உட்கார்ந்தாள். கிளெமென்ட் அடுத்த கவரை எடுத்தார்.