இரண்டு மில்லிமீட்டர் கோணல்

போர் முடிந்த மறுவருடம் எங்கள் ஊர் விசாரணை மன்றத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படையில் யார் என்ன பதவியில் இருந்தார்கள் என்று பிரித்தெடுப்பதுதான் மன்றத்தின் வேலை. பதவி பெரிதென்றால் தண்டனையும் பெரிது. அதனால் ஊரில் ஒருவருக்கும் பதவியே இருந்ததில்லை. எல்லோரும் கடைநிலை ஆள், எல்லோரும் மேளம் தூக்கியவர்கள். அதையே தட்டச்சில் அடித்து அடித்து எனக்கு வெறுத்துப்போயிற்று.

என்னைவிட வெறுத்துப்போயிருந்தவள் தையல்காரி பாபெட் ஹ்யும்மர். பன்னிரண்டு வருடம் அத்தனை பேரின் காலர்ப் பட்டையிலும் நட்சத்திரம் தைத்தவள். இப்போது அதே சட்டைகளில் பட்டையைப் பிரித்து, கறுப்புச் சாயத்தில் முக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவனுங்க வாங்குன பதவியெல்லாம் என் ஊசிக்குத் தெரியும். இப்பக் கேட்டா ஒருத்தனுக்கும் ஞாபகமே இல்லயாம்" என்பாள்.

அவள் குடியிருந்தது தலைமையாசிரியர் ஓர்ட்லீப்பின் மாடியறையில். ஒருநாள் அவர் ஒரு தாளோடு படியேறி வந்தார். தாம் வெறும் உறுப்பினர்தான் என்று அவள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஒரு கையெழுத்துதானே, பாபெட். குண்டு விழுந்த ஊருல வேற ரூம் கிடைக்குமா, யோசிச்சுக்கோ."

"மூணு நட்சத்திரம் நானே தச்சேன், ஐயா. மூணுன்னா அதிகாரி."

"உனக்கு வயசாயிடுச்சு. மறந்திருப்பே."

அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பியது. விசாரணையன்று ஒரு பழைய கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். 1938இல் அவர் அவளுக்குத் தட்டச்சு செய்து அனுப்பிய புகார்: மூன்றாவது நட்சத்திரம் இரண்டு மில்லிமீட்டர் கோணல், அதிகாரி ஒருவனுக்கு இது அவமானம், உடனே சரிசெய்க. காகிதப் பஞ்சத்தில் அவள் அதையே குழந்தைச் சட்டைக்கு அளவுக் காகிதமாக வெட்டியிருந்தாள். கையெழுத்து இருந்த மூலை கத்தரியோடு போய்விட்டது.

ஓர்ட்லீப் அசரவில்லை. "இது நான் எழுதுனதே இல்ல. எனக்கேது நட்சத்திரம்?"

பாபெட் சலித்துக்கொண்டாள். "யார் எழுதுனா என்ன, எழுதுனது பொய். நான் தச்சது நேராத்தான் இருந்துச்சு. ஸ்கேல் வச்சுப் பாத்தேன்."

"நேராவா?" ஓர்ட்லீப் எழுந்தே விட்டார். "ரெண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு. அணிவகுப்புல என் மானமே போச்சு."

நான் அதையும் அப்படியே அடித்தேன். பிறகு அவராகவே உட்கார்ந்தார்.

அன்று மாலையே அவர் மனைவி அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டாள். தையல் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி என் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

"நேராத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இல்ல. கோணல்தான்." அவள் வண்டியை நிறுத்தவில்லை. "பிரிச்சு நேராக்கிக் குடுத்தேன். மறுவாரம் அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் துணிக்கடை வச்சிருந்த யூதர் லேமானை வீட்டுலேர்ந்து இழுத்துட்டுப் போனாரு. கோணலாவே விட்டிருக்கணும். அதுகூடச் செய்யல நான்."