கார்மேகத்தின் பெட்டியில் சேதுபதியின் பொட்டலம்

குற்றவியல் முதலாண்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் தலைக்குள் ஒரு கொலைகாரனோடுதான் வருகிறார்கள். சினிமாவில் பார்த்தவன், கண் சிவந்திருக்கும், கையில் கத்தி இருக்கும். எனக்கு அவனை நினைத்தாலே எரிச்சல். அதனால் முதல் நாள் பாடப்புத்தகத்தைத் திறப்பதில்லை. எங்கள் கல்லூரி வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் சேதுபதியைப் பற்றிச் சொல்கிறேன். "பேரையும் சொல்லிக்கங்க மேடம், நான் ஒண்ணும் ஒளிஞ்சு திரியல" என்று அவரே சொல்லிவிட்டார்.

சேதுபதிக்கு ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். 2003இல் துபாயில் ஒரு கட்டட கம்பெனியில் சென்ட்ரிங் வேலை. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கல். அதே ரூமில் கம்பி கட்டும் கார்மேகம் இருந்தார். பக்கத்து ஊர்க்காரர், பத்து வயது மூத்தவர். சேதுபதியை அந்த கம்பெனியில் சேர்த்துவிட்டவரே அவர்தான்.

அந்த ரூமில் ஒரு வழக்கம். லீவில் ஊருக்குப் போனவர் திரும்பும்போது எல்லோர் வீட்டுப் பொட்டலத்தையும் சுமந்து வர வேண்டும். பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அடுத்தவன் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்ட மாதிரி. ஏர்போர்ட்டில் யார் கேட்டாலும் "எல்லாம் என்னுது" என்று சொல்லிவிட வேண்டும். இது இன்னாருடையது என்று விளக்கப் போனால் பெட்டியையே கவிழ்த்துவிடுவார்கள் என்ற பயம். சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அது வாய்ப்பழக்கமாகிவிட்டது.

கார்மேகம் லீவில் போயிருந்தபோது, சேதுபதி தன் மனைவி பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் ரூமுக்கே சமைப்பது சேதுபதிதான். "குருமாப் பொடியோட கசகசாவும் கொஞ்சம் குடுத்து விடு. அது இல்லாம கெட்டியாவே வரமாட்டேங்குது" என்றார். நம் மளிகைக் கடையில் சீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கசகசா அபினிச் செடியின் விதை. அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும். இது சேதுபதிக்கும் தெரியாது, பஞ்சவர்ணத்துக்கும் தெரியாது. சுமந்து வந்த மனுஷனுக்கோ பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாது.

துபாய் ஏர்போர்ட்டில் பிடித்தார்கள். யாருடையது என்று கேட்டபோது கார்மேகம் பழக்கதோஷத்தில் சொன்னார், எல்லாம் தன்னுடையது என்று.

இங்கே கதையை நிறுத்தி, இவர் குற்றவாளியா என்று கேட்பேன். "மனசுல தப்பு இல்லையே மேடம்" என்று யாராவது ஒருத்தி சொல்வாள். மனசில் என்ன இருந்தது என்பதைப் பார்க்காத சட்டங்களும் உண்டு என்று சொன்னால் நம்பமாட்டாள், கோபப்படுவாள். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும்.

செய்தி ரூமுக்கு வந்ததும் சேதுபதிக்குச் சோறு இறங்கவில்லை. கேம்ப் வாசலில் கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர் முகம்மது சித்தீக்குக்கு அரபி நன்றாக வரும். அவரிடம் ஓடினார்.

"பாய், அது என்னுதுன்னு போய்ச் சொல்லிர்றேன். அண்ணனை விட்ருவாங்கள்ல?"

"விட்ருவாங்கன்னு யாரு சொன்னா? கொண்டு வந்தது அவரு. நீங்க போனா நீங்களும் உள்ள, கலாஸ், முடிஞ்சுது கதை. பொறுங்க, கம்பெனி ஆளு பேசிக்கிட்டு இருக்காரு."

ரூமில் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சேதுபதி சில நாள் டியூட்டிக்குப் போனார், வந்தார். தான் ஆசைப்பட்டுக் கேட்ட கசகசாவுக்கு இன்னொருவர் உள்ளே கிடக்கிறார் என்ற நினைப்பு அவரை அரித்தெடுத்தது. கடைசியில் சித்தீக்கையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அதிகாரி நல்ல மாதிரி. டீ கொடுத்தார், பொறுமையாக முழுக்கக் கேட்டார். பிறகு சேதுபதியையும் உள்ளே வைத்தார். வரவழைத்தவர் ஒருவர், கொண்டு வந்தவர் ஒருவர். இருவர் மேலும் வழக்கு. சேதுபதி சொன்ன உண்மையால் கார்மேகத்துக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை.

உள்ளே அவரைக் கண்டதும் கார்மேகம் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"ஏண்டா வந்த? ரெண்டு வீட்ல ஒரு வீட்டு அடுப்பாச்சும் எரியட்டும்னுதானடா என்னுது என்னுதுன்னு சாதிச்சேன்! எம்மகளுக்கு ஒண்ணுன்னா நீ பாத்துக்குவேன்னு இருந்தேன். இப்ப யாருடா இருக்கா?"

முதலில் பழக்கத்தில் சொன்னதை, பிறகு அவர் தெரிந்தே சொல்லியிருக்கிறார். சேதுபதிக்கு அது அங்கேதான் புரிந்தது. இந்த இடத்தில் பிள்ளைகள் முன்னால் இருமிச் சமாளித்துக்கொள்வேன்.

அடுத்த ரமலானில் அரச மன்னிப்பு கிடைத்து இருவரையும் ஊருக்கு அனுப்பினார்கள். இனி அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. ஊரில் கார்மேகத்துக்குப் 'பவுடர்காரர்' என்று பேர் விழுந்தது. போதைப் பவுடரைக் கண்ணால்கூடப் பார்த்திராத மனுஷன்! மகளுக்கு வந்த வரன்கள் அந்தப் பேரைக் கேட்டுத் தட்டிப் போயின. ஒருவழியாக ஓர் இடம் அமைந்து, போன தை மாதம் கல்யாணம் நடந்தது. சேதுபதிக்குப் பத்திரிகை வரவில்லை. மனசு கேட்காமல் போயிருக்கிறார்.

"கடைசிப் பந்தில உக்காந்தேன் மேடம். அண்ணன் சாம்பார் வாளியோட வந்தாரு. எனக்கு முன்னால இருந்தவனுக்கு ஊத்துனாரு. என்னையப் பாத்தாரு. வாளியைப் பக்கத்துல நின்னவன் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு."

ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு அழுதார் சேதுபதி.

"அந்த நாட்டுக்காரங்களே மன்னிச்சுட்டாங்க. இவருகிட்ட நான் என்னன்னு மேடம் மன்னிப்புக் கேக்குறது? உண்மையைச் சொன்னதுக்கா?"