நத்தாருக்கு அடித்த பெயிண்ட்

என் தொழில் பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பது. கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு பிரின்டர், என் பெயர் பொறித்த ஒரு முத்திரை. கனடா போகிறவர்களும் லண்டன் போகிறவர்களும் வருவார்கள். ஊரை விட்டுப் போகிறவர்களை வைத்து வயிறு வளர்ப்பவள் நியாயம் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கடலுக்குள் போகப்போகும் சின்னத் தீவு நாடுகள், காற்றைக் கெடுத்தவர்களுக்குப் பொறுப்பு உண்டா என்று ஐரோப்பாவில் இருக்கும் உலக நீதிமன்றத்திடம் கேள்வி போட்டிருந்த நேரம் அது. சூழல் அமைப்பொன்றின் அலுவலர் என்னைத் தேடி வந்தார். இஸ்திரி குலையாத சட்டை, வாய் நிறைய இங்கிலிஷ்.

"அக்கா, இது ஹிஸ்டொரிக் கேஸ். எங்கட சனத்தின்ர வொயிஸும் அங்க கேக்கவேணும். நீங்க ஸ்டேட்மென்டை எடுத்து ட்ரான்ஸ்லேட் பண்ணி சீல் அடிச்சுத் தாங்கோ."

எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். என் முத்திரை அவ்வளவு தூரம் போகப்போகிறதே.

ஜனவரி மாதத்தில் ஒரு காலை கொட்டாஞ்சேனையைத் தாண்டி களனி ஆற்றோரக் குடியிருப்புக்குப் போனோம். எங்களுக்காகக் காத்திருந்த பெண்ணின் கணவர் முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். மழைக்கால வெள்ளத்தில் அவரை மேசையில் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு, இரவு முழுவதும் பக்கத்திலேயே தண்ணீருக்குள் நின்றிருக்கிறார் இந்த மனுஷி.

"மேசை விளிம்பு மட்டும் தண்ணி வந்திட்டுது மிஸ். இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தா இவரைத் தூக்க எனக்கு ஏலாது. எங்களுக்கு வேற ஒண்டும் வேணாம். மேட்டில ஒரு வீடு தரச் சொல்லி அந்தக் கோர்ட்டில சொல்லுவீங்களா?"

எழுதி எழுதி என் கை கடுத்தது. நாலு பக்கம். அலுவலர் அதைக் காதில் வாங்கினாரோ தெரியாது, சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்கள் பளிச்சென்று இளநீல நிறத்தில் இருந்தன.

"வோட்டர் மார்க் எங்க? தண்ணி நிண்ட கோடு?"

"பெயிண்ட் அடிச்சிட்டம் சேர்."

"ஏன் அடிச்சனீங்கள்? எவிடன்ஸே அதுதானே!"

அந்தப் பெண் அவரை வினோதமாகப் பார்த்தார். "நத்தார் வந்ததே சேர். நத்தாருக்குப் பெயிண்ட் அடிக்காம இருக்கேலுமா?"

அந்தப் பகுதிக் கத்தோலிக்க வீடுகளில் உலை கொதிக்காவிட்டாலும் கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்குச் சுவருக்கு நிறம் ஏறும். சேற்றுக் கோட்டோடு யேசு பாலனை வரவேற்பார்களா? உலக நீதிமன்றம் சுவரைப் பார்க்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

அலுவலர் தன் கையிலிருந்த ப்ளேன்டீயைப் பார்த்தார். அந்தப் பெண் ஊற்றித் தந்தது. டிஷூ ஒன்றை எடுத்து அதில் தோய்த்தார்.

"லைட்டா ஒரு கோடு. போட்டோவுக்கு மட்டும். நடந்தது உண்மைதானே அக்கா?"

சீ என்றாகிவிட்டது எனக்கு. "இதுக்கு என்ர சீல் விழாது" என்றேன். அதற்குள் அந்தப் பெண்ணே அவருக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். மேலே யேசுவின் திருஇருதயப் படம் மாட்டியிருந்தது.

"வேணாம் சேர். ஆண்டவருக்குக் கீழ பொய்க் கோடு கீறேலாது. நான் சொல்லுறது காணாதா?"

காணாதுதான், வாயால் சொன்னது போதவில்லை. அவருடைய நாலு பக்கமும் கோப்பில் சேரவில்லை. வேறு யாரோ வீட்டு அழுக்குச் சுவரின் படம் வழவழப்பான தாளில் போனது. அடுத்த மாதம் அந்தப் பெண் போனில் கேட்டார்: "மிஸ், எங்கட கதை போயிட்டுதா?"

"ஓம், போயிட்டுது" என்றேன். அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீயில் தோய்த்த கோட்டுக்கு முத்திரை குத்த மறுத்தவள், இந்தப் பொய்க்கு வாயாலேயே முத்திரை குத்திக் கொடுத்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் பரிகாரம் கேட்க இடமுண்டு என்றது. வரிவரியாக வாசித்தேன். ஒரு சொல்லிலும் எனக்குக் குறையில்லை. என் அருவருப்பு அந்த நீதிமன்றத்தின் கதவைப் பற்றியதல்ல, அதற்குப் போகும் வழியில் நின்ற எங்களைப் பற்றியது. அலுவலர் கேக் வெட்டிய படத்தை எனக்கு வட்சப்பில் அனுப்பினார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அந்தக் கார்த்திகையில் ஆறு மறுபடியும் பெருகியது. நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர் அந்தப் பெண் போன் எடுத்தார். இந்த முறை தண்ணீர் திருஇருதயப் படம் வரை வந்ததாம். பக்கத்து வீட்டார் கதவைக் கழற்றி, அதில் கணவரைக் கிடத்தி இழுத்துப் போய் மாதா கோயிலில் சேர்த்தார்களாம். அவர் இன்னும் கோயில் மண்டபத்தில் பாயில் கிடக்கிறார், மூச்சு இழுக்கிறது.

"இரத்மலானையில தங்கச்சி வரச் சொல்லி எத்தினை தரம் கூப்பிட்டவ மிஸ். வீட்டை விட்டுப் போனா கேஸில எங்கட பேர் போயிடும் எண்டு நான்தான் நிண்டுட்டன்."

அவரே தொடர்ந்தார், குரலில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது.

"இந்த முறை நத்தாருக்குப் பெயிண்ட் அடிக்கேல்ல மிஸ். கோடு அப்பிடியே இருக்கு. அந்த சேரை வந்து படமெடுக்கச் சொல்லுவீங்களா?"

எனக்கு வாயில் வந்தது மறுபடியும் அதே "ஓம்"தான்.