போட்டிக்காரர் அளந்த என் வீட்டு பாக்ஸ்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் வந்தேன். கோயில் குளம் போகிறவர்கள் போகட்டும், நான் போனது செட்டாப் பாக்ஸ் செய்கிற கம்பெனிக்கு.

டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டால் பாக்ஸும் அணைந்துவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாட்டுக்கு கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அதைக் குறைக்க எஸ்டேட்டில் பாக்ஸ் செய்கிற சின்ன முதலாளிகள் ஒன்று சேர்ந்து, எந்தச் சட்டமும் கேட்காமலே, தங்களுக்குள் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். தூங்குகிற நேரத்தில் இரண்டு வாட்டுக்கு மேல் போகக் கூடாது. போகாவிட்டால் பச்சை ஸ்டிக்கர். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒருவர் பாக்ஸை அவரே அளக்க முடியாது. போட்டிக்காரர்தான் அளப்பார். அதுவும் புதுசை இல்லை, ஏதாவது ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருப்பதை. வீட்டுக்காரரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை என் வீட்டு பாக்ஸ் மாட்டியது.

"அக்கா, இருக்கிறது இருக்கிறபடி கழட்டிகினு போ. எதையும் தொடைக்காத" என்று எங்கள் கேபிள்காரத் தம்பி பாபு சொல்லியிருந்தான். தூசி தட்டாமல் ஒரு பொருளை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போனது எனக்கு அதுதான் முதல் தடவை.

காலை எட்டேகாலுக்கு வெள்ளானூரில் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. என் வீட்டுக்காரர் வந்திருந்தால் அவருக்கு மட்டும் காசு; அதனால்தான் கால் வலி என்று படுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆவடியில் மின்சார ரயில், ஐந்து ரூபாய். எஸ்டேட் என்றதும் அம்பத்தூர் ஸ்டேஷனில் குதித்துவிடாதீர்கள். அடுத்தது பட்டரவாக்கம், அதுதான் பக்கம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

ஆட்டோக்காரர் என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். "இன்னாக்கா, மிக்ஸி ரிப்பேரா?"

"இல்லப்பா, டிவி பொட்டி. தூங்குதா இல்லியான்னு பாக்க எட்த்துகினு போறேன்."

"எங்கூட்லகூட ஒர்த்தன் பத்து மணி வரிக்கும் தூங்கிகினு கீறான். இட்டாந்தா பாப்பாங்களா?"

"அவன் இன்னா கரண்ட்டா குடிக்கிறான்?"

"ஏசி, ஃபேனு, செல்லு சார்ஜரு, அல்லாம் அவனாண்டதான் கீது."

இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டேன்.

கம்பெனி முதலாளி கலைவாணி, நாற்பது வயது இருக்கும். வாசலில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய புது பாக்ஸ்கள் ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கி, அட்டைப்பெட்டியில் போடத் தயாராக இருந்தன. என் வீட்டில் இருக்கிற அதே மாடல். பருத்திப்பட்டு ஏரிக்கரை அடுக்குமாடியில் பாபுவுக்குப் புது ஆர்டர் கிடைத்திருந்தது. பச்சை ஸ்டிக்கர் இருந்தால்தான் வாங்குவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் பாபுவின் டெம்போ வரும். என் பாக்ஸ் தேறினால் அத்தனையும் வண்டி ஏறும். தேறாவிட்டால் ஸ்டிக்கர் போச்சு, ஆர்டரும் கூடவே போகலாம்.

பையை வாங்கியவர் எதிர்ச் சந்தில் பாக்ஸ் செய்கிற நடேசன். கலைவாணி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நடேசன் பாக்ஸை வெளியே எடுக்க, பின்பக்கம் யூஎஸ்பியில் செருகியிருந்த குட்டி விளக்கும் தொங்கிக்கொண்டே வந்தது. டிவிக்கு மேலே இருக்கும் முருகர் படத்துக்காக என் வீட்டுக்காரர் மாட்டியது.

"இன்னாமா, முருகரையும் இட்டாந்துட்டியா?"

"அவரு ஊட்லதான் கீறாரு. வெளக்கு மட்டுந்தான் வந்துகீது."

எல்லாவற்றையும் அப்படியே மாட்டி, டிவியை ஓடவிட்டு, ரிமோட்டில் அணைத்தார்கள். கால் மணி நேரம் காத்திருந்தோம். மீட்டர் எட்டிலேயே நின்றது. நடேசன் விளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சரசரவென்று இறங்கி இரண்டுக்குக் கீழே போய்விட்டது. விளக்குக்கு கரண்ட் கொடுக்க வேண்டியிருந்ததால் மொத்த பாக்ஸும் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"பொட்டி நல்லாத்தான் கீது. வெளக்குதான் தகராறு. பாஸ்னு போட்டுக்கலாம்" என்றார் நடேசன். போட்டிக்காரர் வாயாலேயே பாஸ். நானாக இருந்தால் அப்போதே கேசரி கிண்டியிருப்பேன்.

கலைவாணி சுவரை விட்டு வந்தார். "திரும்ப சொருவுங்க."

"எதுக்குமா?"

"எத்தினி ஊட்ல டிவிக்கு மேல சாமி படம் கீது? அல்லாரும் இதுலதான் சொருவுவாங்க. ஊட்ல எப்டி ஓடுதோ அதான் கணக்கு. ஃபெயில்னே சொல்லுங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. "நான் வெளக்க வேற எடத்துல மாட்டிக்கிறேம்மா" என்றேன்.

"நீங்க மாட்டிப்பீங்க. மத்தவங்க ஊட்டுக்கெல்லாம் யாருக்கா போயி சொல்றது?"

பிறகு ஸ்டிக்கர் உரிக்கிற வேலை. நடேசனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரண்டு நகம் போனது.

டெம்போவோடு வந்த பாபு தலையில் கை வைத்தான். "யாருக்குமா தெரியப் போவுது?"

"இவருக்குத் தெரியும்" என்று நடேசனைக் காட்டினார் கலைவாணி. "அட்த்த மாசம் இவரு பொட்டிய நான் அளக்கணும். எந்த மூஞ்ச வெச்சிகினு அளப்பேன்?"

பாபு வண்டியில் உட்கார்ந்தே அடுக்குமாடிக்காரர்களிடம் போனில் கெஞ்சினான். ஒரு வாரம் பொறுப்பார்களாம், அதற்கு மேல் வேறு இடம் பார்ப்பார்களாம். டெம்போ காலியாகவே திரும்பியது. நானும் அதிலேயே ஏறிக்கொண்டேன், காசு மிச்சம்.

நீங்களும் போவதாக இருந்தால், இரண்டாவது சனிக்கிழமை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள். முன்கூட்டியே சொன்னால் யாரை வேண்டுமானாலும் உள்ளே விடுகிறார்கள், காசு கிடையாது. சந்துக்குள் லாரிகள் பின்னாலேயே வரும், பார்த்து நடங்கள். சாப்பாடு கையோடு எடுத்துப்போவது நல்லது. வீட்டில் பாக்ஸில் என்னென்ன செருகியிருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லி ஊருக்கே புத்தி சொல்கிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். தன் சரக்கைத் தானே ஃபெயில் போடச் சொன்ன முதலாளியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆறாம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தது கலைவாணி, பின்னால் மீட்டரோடு நடேசன். விளக்கு எரிந்தாலும் பாக்ஸ் தூங்குகிற மாதிரி, முந்தின நாளே கேபிள் லைன் வழியாகப் புது சாஃப்ட்வேரை அனுப்பியிருந்தார்களாம். நடேசன் மட்டும் உள்ளே வந்தார்.

"உள்ள வாம்மா, காபி போட்டுகினு கீறேன்" என்று கூப்பிட்டேன்.

"அளந்து முடிக்கட்டும்க்கா." கேட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றார்.

டிவியை அணைத்த பிறகும் முருகர் படத்து விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்து நடேசன் மீட்டரைக் குனிந்து பார்த்தார். வெளியே போய், செருப்பை ஒவ்வொன்றாக நிதானமாக மாட்டிக்கொண்டு, அந்த முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"ஸ்டிக்கர ஒட்டிக்கோமா."