அந்தப் பக்கம் போன கரையான்

பொய் சொன்னேன். என் வீட்டுச் சுவரில் கரையான் ஏறியது தெரிந்திருந்தும், இல்லவே இல்லை என்று என் ஓரகத்தியிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் மகள் கவிதாவின் நர்சிங் சான்றிதழ்கள் அத்தனையும் மண்ணாகப் போயின. இது இதுவரை யாருக்கும் தெரியாது. முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

பொல்லாதவள் என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

மாயவரத்தை அடுத்த குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாமனார் கட்டியது ஒரே வீடுதான். அவர் காலமானதும் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் கொழுந்தனாரும் அவர் மனைவி ராஜேஸ்வரியும் கவிதாவும். என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். கொழுந்தனார் அறுவடை எந்திரம் ஓட்டக் கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். ஆக, இரண்டு பக்கமும் பெண்கள் ராஜ்ஜியம்தான்.

கிணறு என் பங்கில் விழுந்தது. சண்டை அதற்குத்தான். பேசித் தீர்க்க வந்த நான்கு பேர் முன்னால் ராஜேஸ்வரி கேட்டாள்: "புள்ளையா குட்டியா, இவங்களுக்கு எதுக்குங்க கிணறு? யாரு ஆண்டு அனுபவிக்கப் போறாங்க?"

எனக்குக் குழந்தை இல்லை. அவள் பெற்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போகும் நாளெல்லாம் தலை பின்னிவிட்டவள் நான்! அந்த வாயால் எப்படிக் கேட்டாள்? அன்றோடு பேச்சு அறுந்தது. நான்கு வருடம்...

கரையான் வந்தது போன மார்கழியில். நடுச்சுவரின் அடியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு மண்கோடு மேலே ஏறியது. துடைப்பத்தால் தட்டிவிட்டேன், மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே கோடு. மண்ணெண்ணெய் ஊற்றினேன். வேப்பெண்ணெய் பூசினேன். சுண்ணாம்பு அடித்தேன். எதற்கும் அசையவில்லை! கொல்லைக் கதவின் நிலையை ஒரு நாள் விரலால் அழுத்தினேன், பொதுக்கென்று உள்ளே போயிற்று. தனியாக ஒரு வீட்டைக் கட்டிக் காப்பவளுக்கு அது எப்படி இருக்கும் தெரியுமா? உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு, மாயவரத்திலிருந்து மருந்து அடிப்பவரை வரச் சொன்னேன்.

நாள் குறித்ததும் நான்தான். தைப்பூசத்துக்கு ராஜேஸ்வரியும் கவிதாவும் திருவிடைமருதூர் போவார்கள், வர மாலையாகும். துளை போடும் சத்தம் அவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றுதானே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்? இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அவர் சுவரோரம் சாணுக்கு ஒரு துளை போட்டு, மருந்தை இறக்கி, சிமெண்டால் அடைத்தார். கிளம்பும்போது சொன்னார்: "அம்மா, இது ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு. இந்தப் பக்கம் மட்டும் மருந்து வெச்சா அந்தப் பக்கம் போயிடும். அவங்களையும் வெக்கச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேங்க" என்றேன். துளைகள் தெரியாதபடி நெல் மூட்டைகளை அந்தச் சுவரோரம் அடுக்கினேன். சொல்லவில்லை.

பேச்சு இல்லாத வீடுகளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. நேரே பேச மாட்டோம். மாட்டிடமோ கோழியிடமோ பேசுவது போல எதிராளி காதில் விழப் பேசுவோம். பதிலும் அப்படியே வரும். மாசி மாதம் ஒரு காலையில் ராஜேஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கம் தன் கன்றுக்குட்டியைத் தடவியபடி சொன்னாள்: "ஏண்டி லெச்சுமி, நம்ம நடுச்சுவத்துல கரையான் மாதிரி தெரியுதே. அந்தப் பக்கமும் இருக்குமோ? இருந்தா சேந்து ஏதாச்சும் பண்ணலாம்..."

சேர்ந்து! நான்கு வருடத்தில் அவள் இறங்கி வந்தது அந்த ஒரு தடவைதான். எனக்குப் புரியாமல் இல்லை. 'ஆமாம், இங்கேயும் இருக்கிறது' என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அந்தப் பழைய கேள்வி... அதுவும் கூடவே வந்தது. கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்த நான் கோழியைப் பார்த்துச் சொன்னேன்: "நம்ம வீட்டுல ஒரு கரையானும் கெடையாது. வீட்டைக் கூட்டிப் பெருக்கி வெச்சிக்கிட்டா ஏன் வருது?"

அவள் கன்றை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பக்கம் இல்லையென்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று அவளும் விட்டுவிட்டாள். அந்தச் சுவரில்தான் அவள் பலகை பதித்து அலமாரி செய்திருந்தாள். ஆணி அடித்த சத்தம் எனக்குக் கேட்டதே! உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு நொடி யோசித்திருக்கக் கூடாதா?

சித்திரையில் கவிதாவுக்குச் சவுதியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அசல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். அலமாரியைத் திறந்தவள் போட்ட அலறலில் நான் வாசல் தாண்டி ஓடினேன். கோப்பு முழுக்க மண். அட்டைதான் மிச்சம். மருத்துவமனையில் பத்து நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

ராஜேஸ்வரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, அன்னிக்கு உங்களப் பாத்து ஒரு வார்த்த கேட்டனே... அதுக்குத்தான் சாமி எம் பொண்ணுகிட்ட காட்டிடுச்சு. மன்னிச்சிருங்கக்கா!"

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இதைவிடக் கேவலம் வேறு உண்டா?

இப்போது இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டது. குழம்பு வருகிறது, ரசம் போகிறது. கவிதா ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, நகல் சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள். அவள் செருப்பு தேய்ந்து போயிருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது. வந்து என்ன செய்ய?

போன வாரம் வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். கரையான் அரித்ததற்கு அக்கம்பக்கத்தார் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். என்னைக் கூப்பிட்டார்கள். "உங்க வீட்டுலயும் கரையான் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் ராஜேஸ்வரி முந்திக்கொண்டாள்: "அக்கா வீட்டுல கெடையாதுங்க சார். அவங்க சுத்தம் யாருக்கு வரும்? எனக்குத்தான் வீடு வெச்சிக்கத் தெரியல."

வி.ஏ.ஓ. அதை அப்படியே எழுதிக்கொண்டார். கவிதா பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தாள். "இங்க கையெழுத்து போடுங்க பெரியம்மா" என்று இடத்தைக் காட்டினாள்.

போட்டேன்.