கடைசிக் கட்டத்தை மாற்றச் சொன்னேன்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு; செத்துப்போன என் தங்கையின் பிள்ளையும் என் சோற்றில்தான் வளர்ந்தது. ஆறு பேரும் படித்தவர்கள். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போனவள். எழுத்து கோணலாக வரும், ஆனால் வரும். யாரும் பாவம் பார்க்க வேண்டாம்.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் கடைசி மகனோடு இருக்கிறேன். அவன் மகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமை கதை எழுதும் வகுப்பு. வழியில் செம்பனைத் தோட்டத்துக்குள் நாய்த் தொல்லை, அதனால் கூடவே நடந்து போவேன். சனிக்கிழமை பள்ளியில் டீ விற்கும் கண்டின் பூட்டியிருக்கும் என்பதால் வகுப்பிலேயே பின்னால் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன்.

டீச்சர் புக்கிட் செந்தோசாவிலிருந்து கார் ஓட்டி வருகிற சின்னப் பெண். முதல் நாள் பிள்ளைகளின் கதைகளை வாங்கிப் படித்தார். எல்லாக் கதையிலும் முதல் வரியில் கதிரவன் உதித்தான். கடைசி வரியில் யாராவது வந்து பாராட்டினார்கள். லோரி விபத்தை எழுதிய பையனிடம் டீச்சர் கேட்டார்.

"சுங்கை புரோங்கில லோரி கவுந்தது மத்தியானந்தானே? எதுக்கு இங்க சூரியன் உதிக்குது?"

"சூரியன் வந்தா மார்க் கிடைக்கும் டீச்சர்."

"இனிமே என் வகுப்புல சூரியன் கிடையாது லா."

பிறகு ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து ஐந்து கட்டம் போடச் சொன்னார். யார், எங்கே, அவருக்கு என்ன வேண்டும், எது தடுத்தது, கடைசியில் என்ன ஆனது. ஐந்தும் நிறைந்த பிறகுதான் கதையைத் தொட வேண்டும். கண்ணால் பார்த்ததாக இருந்தால் நல்லது என்றார்.

என் பேத்தி எங்கள் வீட்டு விஷயத்தை எடுத்தாள். போன வருஷம் அவளுக்கு டிங்கிக் கொசுக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று என் மகன் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தாள். திருவிழாவில் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றவன், குழிக்கு முன்னால் வந்ததும் விலகிக்கொண்டான். ஊரே பார்த்தது. அவனுக்குப் பதிலாக நான் மாவிளக்குப் போட்டு அம்மனிடம் சொல்லி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அட்டையில் பேத்தி எழுதியிருந்தது இது. அப்பா. கோயில். தீ மிதிக்க வேண்டும். பயம். மிதிக்கவில்லை.

அடுத்த வாரம் பெற்றோர் முன்னால் கதைகளைப் படிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டில் மருமகள் அட்டையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அப்பா மானத்த வாங்கவா பள்ளிக்கூடம் போற? கரடி கத எழுது!"

"கரடிய நான் பாத்ததே இல்லம்மா. இதத்தான் பாத்தேன்."

என் மகன் தலை குனிவதில் எனக்கும் சம்மதமில்லை. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு டீச்சரிடம் போனேன்.

"கடைசிக் கட்டத்த மட்டும் மாத்தச் சொல்லுங்க டீச்சர். மிதிச்சுட்டான்னு எழுதட்டும். கததானே."

"மாத்தலாம் பாட்டி. ஆனா அதுக்கு முந்தின கட்டத்துல பயம் இருக்கே. அது எப்படிப் போச்சு? அத இவதான் கண்டுபிடிக்கணும்."

பேத்தி உட்கார்ந்து யோசித்தாள். ஒரு சாமியார் வந்து விபூதி பூசினார் என்று எழுதி அழித்தாள். கூட்டம் கை தட்டியது என்று எழுதி, அதையும் அழித்தாள். அட்டையில் ஓட்டை விழும் போலிருந்தது.

"பயம் போகல டீச்சர். நான் அப்பா பக்கத்துல நின்னேன். போகவே இல்ல."

"அப்ப மூணாவது கட்டத்தப் பாரு. அப்பாவுக்கு வேண்டியது தீ மிதிக்கிறதா?"

அவள் அட்டையைப் பக்கத்தில் இழுத்து முதலிலிருந்து படித்தாள். பிறகு மூன்றாவது கட்டத்தை அழித்துவிட்டு, 'எனக்குக் காய்ச்சல் விட வேண்டும்' என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தை அவள் தொடவில்லை. நான் கேட்டது நடக்கவில்லை. டீச்சரிடம் சண்டை போடலாமா என்று யோசித்தேன். பிள்ளை முன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறு சனிக்கிழமை என் மகன் ரவாங் தொழிற்சாலைச் சட்டையோடு நேராக வந்து, பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தான். மருமகளும் வந்திருந்தாள்; என்ன கதை என்று அவனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பேத்தி படித்தாள். ஆஸ்பத்திரி, ஊசி, அப்பா சுவர் பக்கம் திரும்பி நின்று வேண்டிக்கொண்டது, எல்லாம் வந்தது. குழிக்குப் பக்கத்தில் வந்ததும் நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பாவின் கால் நடுங்கியது. அவர் நகர்ந்து, பின்னால் நின்ற யாரோ ஓர் அண்ணனுக்கு வழி விட்டார். நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். என் கை சுடவில்லை. எனக்குக் காய்ச்சல் எப்போதோ விட்டிருந்தது."

அதோடு கதை முடிந்தது. யாரும் வந்து பாராட்டவில்லை. யாரோ ஓர் அம்மா சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. என் மகன் காது சிவந்துவிட்டது.

"கால் நடுங்கல லா," என்றான். "கல்லு குத்திச்சு."

"அங்க மணல்தான்பா இருந்துச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவனும் சிரித்துவிட்டான்.

"சரிம்மா, நடுங்குச்சு. அப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்கு நடக்கும்போது, கேட்காமலே, அனல் முகத்தில் அடித்ததையும் மேளம் காதில் விழாமல் போனதையும் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் இல்லாத பேச்சு. மருமகள், "வேகமா நடங்க, மழ வருது," என்றாள். ஆனால் அவள்தான் மெதுவாக நடந்தாள்.

இதை நானும் அட்டையில் ஐந்து கட்டம் போட்டுத்தான் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று எழுத இரண்டு நாள் பிடித்தது. மகன் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று எழுதினேன்.

இந்தாம்மா, பாட்டி எழுதுனது, இதப் படிச்சுக் காட்டு. இரு, இப்ப வேணாம். உங்கப்பா குளிச்சிட்டு வரட்டும். வந்ததும் சத்தமாப் படி.