காதர் பாய் வீட்டு டம்ளர்

டங்... டங்... எவர்சில்வர் டம்ளர் கட்டில் கம்பியில மோதுற சத்தம். இப்ப நினைச்சாலும் காதுக்குள்ள கேக்குது மக்களே.

படுக்கையில கெடக்கிறவங்களை வீடு தேடிப் போயி பாக்கிற வேலையில சேந்த புதுசு. புண்ணுக்கு மருந்து வைக்கணும், புரட்டிப் படுக்க வைக்கணும். படிச்சது எட்டாப்புதான்... ஆனா ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஆளைப் புரட்டுறதுல என்னை அடிச்சிக்க ஆள் கிடையாது! பெரிய டாக்டரே எங்கிட்டதான் யோசனை கேப்பாரு.

வன்னியம்பட்டி காதர் பாய்க்கு இடுப்புக்குக் கீழ அசையாது. மகன் மில்லுக்குப் போயிட்டா பகல் பூரா தனி ஆளு. என் பைக் சத்தம் கேட்டதும் டம்ளரைத் தட்டுவாரு... கதவு தொறந்துதான் கெடக்கு, உள்ள வான்னு அர்த்தம்.

மருந்து வச்சுக்கிட்டே, செண்பகத்தோப்புக் காட்டுல நான் புலியை முறைச்சு வெரட்டின கதைய எடுத்து விடுவேன்.

"ஏலே மாரி, போன வாரம் கரடின்னியே?"

கடைசியா "போயிட்டு வா"ன்னு அவரு வாயால சொன்னாத்தான் கிளம்புவேன்.

பொறவு சீர்திருத்தம்னு ஆளுக்கொரு போன் குடுத்தாங்க. எந்த வீடு, எம்புட்டு நேரம், எல்லாம் ஆப் சொல்லும். கதையில புலி பாயும்போதே பீப்னு கத்தும். எந்திரிச்சிரணும்.

ஒரு மத்தியானம். பாய் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்துறேன்... உள்ள கால் வைக்கல, அதுக்குள்ள போன் சொல்லுது: "விசிட் முடிந்தது."

சூப்பர்வைசர் மேடத்துக்குப் போன் அடிச்சேன்.

"முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதாண்ணே. அடுத்த வீட்டுக்குப் போங்க. லேட்டானா உங்க பேருக்கு நேரா சிவப்பு விழும்."

வண்டியத் திருப்பினேன்.

டங்... டங்...

சிவப்பாவது பச்சையாவதுன்னு உள்ள ஓடினேன். பாய் கட்டில்ல இருந்து குப்புற விழுந்து, ரெண்டு கையும் உடம்புக்கு அடியில மாட்டி, மூச்சு முட்டிக் கெடக்காரு. ஒத்தையாத் தூக்கிப் போட்டேன்... பத்து ஆளு பலம்னு வச்சிக்கோங்க.

மூச்சு திரும்பினதும் கேட்டேன், "டம்ளரை எப்படி பாய் தட்டினீங்க?"

"நான் எங்கலே தட்டினேன்?"

டம்ளர் அடுப்படி அலமாரியில கவுத்தி இருந்துச்சு. காஞ்சு போயி.

புலிக்கதையில கூட்டியிருப்பேன்... இதுல ஒரு சொல்லு கூட்டல.

பாய் மவுத்தாகி வருஷமாச்சு. வீடு பூட்டிக் கெடக்கு. இப்ப எல்லா வீட்டுலயும் போன்தான் "முடிந்தது"ங்குது, நாங்களும் கிளம்பிடுறோம். அந்தத் தெருவுல போனா மட்டும் செத்த நேரம் வண்டிய அமத்திருவேன்.

பூட்டின கதவுக்குப் பின்னால இருந்து "போயிட்டு வா"ன்னு கேட்ட பொறவுதான் எடுக்கிறது.